மதுரையைச் சுற்றி அரை நாளில் போய்வர, கூட்டமில்லாத இடம் சொல்லுங்கள் (அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு 9 வயது)

ஞாயிறு மட்டும்:

வணக்கம். ஆரப்பாளையத்தில் இருக்கிறோம். ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு ஒன்றுதான் என் கையில். அதிலும் மதியத்துக்கு மேல் துணி துவைக்கணும், மறுநாளைக்கு மாவாட்டணும். ஆக எனக்கென்று இருப்பது காலை 6 மணியிலிருந்து 12 மணி வரை.

போன ஞாயிறு பையனைக் கூட்டிக்கொண்டு மாலுக்குப் போனேன். நானூறு ரூபாய் செலவு, மூன்று மணி நேரம் வரிசை, தலைவலி. வரும் வழியில் பஸ் ஜன்னலில் இருந்து ஒரு மலையைக் காட்டி "அம்மா, அதுல என்ன இருக்கு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊரில் கண்ணெதிரே நிற்கிற மலைக்குப் பெயர் தெரியவில்லை என்பது கொஞ்சம் உறுத்தியது.

மீனாட்சி கோயில், மகால், தெப்பக்குளம், காந்தி மியூசியம், அழகர்கோயில், திருப்பரங்குன்றம் எல்லாம் பலமுறை ஆயிற்று. அவை வேண்டாம். அம்மாவும் வருவார்கள், 66 வயது, இடது முழங்கால் வலி. தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார், காத்திருந்து கூட்டிவருவார். ஒரு ஞாயிறுக்கு ஐந்து இடமாவது பார்க்கிற மாதிரி பட்டியல் கிடைத்தால் நல்லது.

டபுள்ஸ்:

அக்கா, நான் பைக்கில் போன ரூட் சொல்றேன். காலை 5.30க்குக் கிளம்பி ஒத்தக்கடை ஆனைமலை, அங்கிருந்து அரிட்டாபட்டி, அப்புறம் மீனாட்சிபுரம் பக்கம் மாங்குளம் மலை, முடித்துக்கொண்டு கிடாரிப்பட்டி, வரும்போது அழகர்கோயில் ரோட்டில் டீ. 12.30க்கு வீடு. நாலு இடம் ஆச்சா? ஐந்தாவது வேண்டுமென்றால் டீக்கடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் மாங்குளம் மட்டும் தவற விடாதீர்கள். குகை நெற்றியில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறது. ராபர்ட் சுவெல் என்ற வெள்ளைக்காரர் 1882லேயே அந்தக் கல்வெட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் சரியாகப் படித்துப் பொருள் சொல்ல 1960கள் வரை ஆனது, கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன்தான் அதைச் செய்தார். பள்ளிப் பாடத்தில் படித்த ராஜா பெயரைக் கல்லில் பார்க்கும்போது சிலிர்த்தது.

ரீடிங்காரர்:

தங்கச்சி, முதலில் ஒரு விஷயம். ஐந்து இடம் என்பதை மறந்துவிடுங்கள். ஒரு ஞாயிறு, ஒரு மலை.

நான் மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவன், ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. மேலூர் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், மீட்டரைப் பார்த்து, அட்டையில் எண்ணை எழுதி, ஓரத்தில் என் இனிஷியலைப் போட்டுவிட்டு வருவேன். ஆரம்பத்தில் சைக்கிள், பிறகு டிவிஎஸ் ஃபிப்டி. மதிய வெயிலில் ஒதுங்க இடம் தேடி அரிட்டாபட்டியில் மலை அடிவாரத்துக்குப் போனதுதான் தொடக்கம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "சார், உங்களை மாதிரியே ஒருத்தர் ஊர் ஊராப் போயி பேரு போட்டுட்டுப் போயிருக்காரு, பாக்குறீங்களா?" என்று கூட்டிப் போய்க் காட்டினார்.

பாறையில் ஒரு தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் குரு, உட்கார்ந்திருக்கிறார், தலைக்கு மேல் முக்குடை என்கிற மூன்றடுக்குக் குடை. அடியில் வட்டெழுத்து என்கிற பழைய எழுத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை, புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. பிறகு படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தச் சிலையை அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்தார் என்று இருக்கிறது. சுமார் 1,100 வருஷத்துக்கு முந்தைய ஆள். கல்வெட்டின் கடைசியில் "பாதிரைக்குடியார் ரட்சை" என்று வருகிறது. பாதிரைக்குடி என்பது அந்த ஊரின் பழைய பெயர். அதாவது, செய்து வைத்துவிட்டேன், காவல் உங்கள் பொறுப்பு என்று ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் கிறுக்குப் பிடித்தவன் மாதிரி அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தேன். கருங்காலக்குடியில் இருக்கிறது. ஆனைமலையில் இருக்கிறது. கிடாரிப்பட்டி அழகர்மலைக் குகையில் இருக்கிறது. மேற்கே கொங்கர்புளியங்குளத்தில் இருக்கிறது. தேனி பக்கம் உத்தமபாளையத்தில் இருக்கிறது, பழனிக்கு அந்தப் பக்கம் ஐவர்மலையிலும் இருக்கிறது. மனுஷன் எவ்வளவு நடந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு ஃபிப்டி இருந்தே இடுப்பு போய்விட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "பார்க்க வேண்டிய இடங்கள்" என்று பட்டியல் போட்டுப் போனால் மூன்றாவது மலையில் எல்லாப் பாறையும் ஒரே பாறையாகத் தெரியும். ஒரு ஆளைப் பின்தொடர்ந்து போனால் அப்படி ஆகாது. உங்கள் பையன் "அதுல என்ன இருக்கு?" என்று கேட்டானே, அதற்கு "அதுல ஒரு ஆளு இருக்காரு" என்று பதில் சொல்லலாம்.

நீங்கள் ஆரப்பாளையத்தில் இருக்கிறீர்கள், மேற்கே கிளம்புவதுதான் சுலபம். முதல் ஞாயிறு கீழக்குயில்குடி சமணர்மலைக்குப் போங்கள். தேனி ரோட்டில் போய் நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் இடதுபுறம் உள்ளே திரும்ப வேண்டும், ஏறக்குறைய 12 கி.மீ. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். இப்போது கார்த்திகை, குளத்தில் தண்ணீர் இருக்கும். படி ஏறவே வேண்டாம், அந்த ஆலமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் ஆட்டோக்காசு வீண் இல்லை.

அங்கே பார்க்க இரண்டு இடம். ஒன்று செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. மலையை ஒட்டியே சுற்றிப் போனால் வரும், ஏற வேண்டியது கொஞ்சம்தான், கல்லில் வெட்டிய படிகள். குகை வாசலுக்குப் பக்கத்தில் பெரிய தீர்த்தங்கரர். ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்பார்கள், அதனால்தான் செட்டிப்புடவு. குகைக்குள் குனிந்து போனால் உள்கூரையை ஒட்டி ஐந்து சிற்பங்கள். அதில் ஓரமாக ஒரு பெண் தெய்வம் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து வில்லை வளைத்துக்கொண்டு யானை மேல் வருகிறவனோடு சண்டை போடுகிறாள். பையனுக்கு அதைக் காட்டுங்கள். கழுத்து வலிக்கும், டார்ச் கொண்டுபோங்கள்.

இரண்டாவது பேச்சிப்பள்ளம். இது அய்யனார் கோயில் பக்கமிருந்து மேலே ஏற வேண்டும். படி வெட்டியிருக்கிறார்கள், கம்பியும் உண்டு, இருந்தாலும் அம்மாவின் முழங்காலைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மேலே ஒரு சுனை, அதன் பக்கத்துப் பாறையில் எட்டுச் சிலைகள் வரிசையாக. படமெடுத்த பாம்போடு பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர், காலில் கொடி சுற்றிய பாகுபலி என்ற சமணத் துறவி. அதில் ஒரு சிலைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது சொல்ல மாட்டேன். போய்விட்டு வந்து கேளுங்கள்.

தம்பி டபுள்ஸ், உங்கள் ரூட்டில் மாங்குளம் மலையில் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தீர்கள்?

டபுள்ஸ்:

உட்காரலை அண்ணே. நின்னு போட்டோ எடுத்துட்டு இறங்கிட்டேன். 😅

ரீடிங்காரர்:

பின்னே. நெடுஞ்செழியனுடைய பணியாள் கடலன் வழுதி என்பவன் கணிநந்தன் என்கிற துறவிக்காக அந்தப் பள்ளியை, அதாவது துறவிகள் தங்கும் இடத்தை, செய்து கொடுத்தான் என்பதுதான் சேதி. ராஜா பெயரைப் பார்த்தவர்கள் கடலன் வழுதியை விட்டுவிட்டார்கள். வேலை செய்தவன் பெயர் இரண்டாவது வரிக்குப் போய்விடுகிறது, எங்கள் ஆபீஸ் மாதிரியே.

நைட்டூட்டி:

நான் செவிலியர். இரவு வேலை முடித்து நானும் கூட வேலை பார்க்கிற இரண்டு பேரும் சில ஞாயிறுகளில் இப்படிப் போவோம். வரலாறு எனக்குத் தெரியாது, நடைமுறை சொல்கிறேன்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். மேலே போகும்போது நன்றாக இருக்கிறதே என்று ஏறிவிட்டு, இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு கம்பு கட்டாயம் வேண்டும். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் கீழே வைக்கச் சொல்லுங்கள், ஏறும்போது நல்ல காலை முதலில். அம்மா செட்டிப்புடவோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மழை பெய்த மறுநாள் போக வேண்டாம், பாறையில் பாசி வழுக்கும். ரப்பர் செருப்பு ஆகாது.

இந்த மலைகளில் நிழல் குறைவு. 9.30க்கு மேல் பாறை சுடத் தொடங்கும், 11 மணிக்குக் கை வைக்க முடியாது. ஆளுக்கு ஒரு லிட்டர் போதாது, ஒன்றரை எடுங்கள். மேலே கடை கிடையாது, கழிப்பறையும் கிடையாது. பெண்கள் கூட்டமாகப் போவதால் இதைச் சொல்கிறேன், யாரும் சொல்வதில்லை: கிளம்பும் முன் வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள், வழியில் பெட்ரோல் பங்க் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாறை இடுக்குகளில் மலைத்தேனீக் கூடு இருக்கும். பையனிடம் கல் எறியக்கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள். அடியில் நெருப்பு மூட்டுவது, பீடி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். தவறிக் கிளம்பிவிட்டால் கையை வீசி அடிக்காமல் துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு விலகி ஓட வேண்டும். கொட்டுப்பட்டவருக்கு மூச்சு இழுத்தாலோ உதடு வீங்கினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

காலையில் எந்தப் பிரச்சினையும் எங்களுக்கு வந்ததில்லை. மாலை நாலு மணிக்கு மேல் சில இடங்களில் பாட்டிலோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அது எங்களுக்குச் சரிப்படவில்லை.

தூக்கணாங்குருவி:

அரிட்டாபட்டி பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். நான் அங்கே பறவை பார்க்கப் போகிறவன்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு கிராமங்களிலும் சேர்த்து 193.42 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுதான் முதல். ஏழு குன்றுகள் தொடர்ச்சியாக நிற்கின்றன, அவற்றில் விழுகிற மழை வழிந்து கண்மாய்களுக்குப் போகிறது. ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹின் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் அந்தப் பாறை முகடுகளை நம்பி இருக்கின்றன. வல்லூறு பாறையிலிருந்து விழுகிற மாதிரி இறங்கும், ஒரு நொடி கல் உருண்டது என்றே நினைப்போம்.

ஒரு வேண்டுகோள். கூட்டைக் கண்டால் எந்தப் பாறை என்று பொதுவில் எழுதாதீர்கள், டிரோன் விடாதீர்கள். நான் ஒருமுறை உற்சாகத்தில் எழுதிவிட்டேன். அடுத்த வாரமே எட்டு கேமரா அந்தப் பாறைக்கடியில் நின்றது. அந்த வருஷம் அந்த இடத்தில் பறவை தங்கவில்லை. எழுதியதால்தான் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் எனக்கு நிம்மதி போய்விட்டது.

2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்ததும், மேலூர் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெருவுக்கு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. ரீடிங்காரர் ஐயா சொன்ன "பாதிரைக்குடியார் ரட்சை" எனக்கு இதுவரை தெரியாது. படித்ததும் இரண்டு நிமிஷம் சும்மா இருந்தேன்.

ரீடிங்காரர்:

அந்தப் போராட்டத்தில் எனக்கு அந்தச் சிலையைக் காட்டிய பெரியவரின் பேரன் முன்வரிசையில் நின்றான். பெரியவர் இல்லை, காலமாகிவிட்டார்.

ஆனைமலைக்கும் இதே மாதிரி ஒரு கண்டம் வந்தது. 2010ல் அந்த மலையைச் சிற்ப நகரமாக்குகிறோம் என்று ஒரு திட்டம். மக்கள் எதிர்த்துத்தான் நின்றது. அதையொட்டித்தான் பசுமை நடை என்ற அமைப்பு பிறந்தது. மாதம் ஒரு ஞாயிறு காலை ஏதாவது ஒரு மலைக்கோ கண்மாய்க்கோ நூற்றுக்கணக்கானவர்களைக் கூட்டிப்போய், தொல்லியல் தெரிந்தவர்களைப் பேசவைப்பார்கள். குழந்தைகளோடு போகத் தனியாகப் பயமாக இருந்தால் அவர்களோடு போகலாம் தங்கச்சி. எனக்கு வட்டெழுத்தில் நாலு எழுத்து தெரிகிறதென்றால் அப்படி நின்று கேட்டதுதான்.

ஞாயிறு மட்டும்:

எல்லோருக்கும் நன்றி. போய்வந்தோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

6.10க்கு ஆட்டோ. 6.45க்கு அய்யனார் கோயில். குளம் நிறைய தாமரை, பாதி விரிந்தும் விரியாமலும். அம்மா வந்த வேகத்தில் ஆலமர வேரில் உட்கார்ந்து, அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளோடு பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் உசிலம்பட்டி பக்கத்தில் ஒரே ஊர் சொந்தம் என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தாயிற்று. அப்புறம் அவர்களைக் கிளப்புவதே பெரும் பாடு.

செட்டிப்புடவுக்கு மூன்று பேரும் போனோம். படியில் இரண்டு முறை நின்றோம். அந்தப் பெரிய சிலைக்கு முன்னால் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "அம்மா, இது நம்ம சாமி இல்ல, சமணர்களோட தீர்த்தங்கரர்" என்றேன். "யாரா இருந்தா என்ன, இப்படி ஒக்காந்திருக்கிறதப் பாத்தா கும்பிடத் தோணுது" என்று சொல்லிவிட்டு, பூக்கார அம்மாள் கொடுத்த ஒரு துண்டுக் கதம்பத்தைப் பாறை ஓரத்தில் வைத்தார்கள். நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

குகைக்குள் பையன் டார்ச்சை அடித்து அந்த வில் பிடித்த பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டான். யானை மேல் இருக்கிறவன் தோற்றானா ஜெயித்தானா என்று கேட்டான். சிங்கத்தின் முகத்தைப் பார்த்தால் ஜெயிக்கிற சிங்கம் மாதிரிதான் தெரிந்தது.

வெளியே வரும்போது ஒரு சங்கடம். பக்கத்துப் பாறையில் யாரோ பெயின்ட்டில் இரண்டு பெயர், நடுவில் ஒரு இதயம். தொல்லியல் துறையின் நீல போர்டில் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. பையனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் உடனே, "அந்த அச்சணந்தி மட்டும் பேரு எழுதலாமா?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அம்மாதான் படியில் உட்கார்ந்தபடியே, "நீயும் ஒரு செலைய செஞ்சு வச்சிட்டு எழுதுடா, யாரு வேணாங்குறா" என்றார்கள்.

பேச்சிப்பள்ளத்துக்கு அம்மா வரவில்லை. நைட்டூட்டி அக்கா சொன்னதைச் சொன்னேன், கேட்டுக்கொண்டு மறுபடியும் ஆலமரத்துக்குப் போய்விட்டார்கள். நானும் பையனும் ஏறினோம். எனக்கே இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது, ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு. மேலே போனதும் காற்று. கீழே வயல், தென்னை, குளம் ஒரு வட்டத் தட்டு மாதிரி. அந்தப் பக்கம் நகரம் தெரிந்தது, சத்தம் வரவில்லை. எட்டுச் சிலையையும் பையன் இரண்டு தரம் எண்ணினான். சுனையில் தண்ணீர் இருந்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம், டபுள்ஸ் தம்பி கவனிக்கவும்.

எல்லாச் சிலைக்கடியிலும் உள்ள எழுத்தைப் போட்டோ எடுத்து வந்திருக்கிறேன். ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. அய்யா, அந்த ரகசியத்தை இப்போதாவது சொல்லுங்கள். ஐந்து இடம் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ரீடிங்காரர்:

சொல்கிறேன் தங்கச்சி. நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் உள்ள ஒரு சிலைக்குக் கீழே இப்படி இருக்கிறது: "அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி".

அரிட்டாபட்டியில் மகன் செய்வித்த திருமேனி. இங்கே அவருடைய அம்மா செய்வித்த திருமேனி. மகன் துறவியாகி மலை மலையாகப் போய்விட்டார், அம்மா இங்கே ஒரு சிலை எடுத்து, தன்னை இன்னாருடைய தாய் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். அது மகனைப் பார்த்துவிட்டுச் செய்ததா, பார்க்காமலே செய்ததா, கல்வெட்டில் இல்லை. இதை முதன்முதலில் ஒருவர் படித்துக் காட்டியபோது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. நான் ரீடிங் எடுக்கப் போய் வருகிற வரை சாப்பிடாமல் இருப்பார்.

நீங்கள் மூன்று பேராகப் போகிறேன் என்று எழுதினீர்களே, பாட்டி, அம்மா, பையன் என்று. அதனால்தான் கீழக்குயில்குடியை முதலில் சொன்னேன். பட்டியலில் வரிசைப்படி சொல்லவில்லை.

ஞாயிறு மட்டும்:

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்கள். "எத்தனை படி?" என்றார்கள். எண்ணவில்லை என்றேன். "தை பொறக்கட்டும், வெயில் வர்றதுக்குள்ள ஒரு கம்போட போயி அந்த எழுத்தப் பாத்துட்டு வந்துருவோம்" என்கிறார்கள். நைட்டூட்டி அக்கா, திட்டாதீர்கள்.

நைட்டூட்டி:

திட்டவில்லை. நீ-கேப் (முழங்கால் உறை) போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இறங்கும்போது நீங்கள் முன்னால் ஒரு படி கீழே நில்லுங்கள், பின்னால் நிற்காதீர்கள்.

டபுள்ஸ்:

அண்ணே, கிடாரிப்பட்டியில் என்ன விட்டேன் என்று அதையும் சொல்லிவிடுங்கள். மறுபடி போறேன்.

ரீடிங்காரர்:

குகை நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க ஒரு காடி வெட்டியிருப்பார்கள், அதை ஒட்டித்தான் எழுத்து. காலை வெயில் சாய்வாக விழும்போது நிமிர்ந்து பாருங்கள், உச்சி வெயிலில் தெரியாது. அச்சணந்திக்கு ஆயிரம் வருஷம் முந்தைய தமிழி எழுத்து. அந்தத் துறவிகளுக்கு இடம் அமைக்கக் கொடுத்தவர்களின் பெயர்கள்: உப்பு வணிகன், பணித வணிகன், அதாவது வெல்லம் விற்றவன், துணி விற்ற அறுவை வணிகன், கலப்பைக் கொழு விற்றவன், மதுரைப் பொற்கொல்லன் ஒருவன். நம் ஊர்க் கல்யாண மொய் நோட்டு எப்படி இருக்குமோ அப்படியே. தங்கச்சி கணக்கு எழுதுகிறவர், அவருக்கு அது பிடிக்கும்.

பையனுக்கு ஒரு துப்பு: அந்த எழுத்தில் "க்" என்பது கூட்டல் குறி மாதிரியே இருக்கும். எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று எண்ணி வரச் சொல்லுங்கள்.

ஞாயிறு மட்டும்:

சொல்லிவிட்டேன், நோட்டில் குறித்துக்கொண்டான். அவனிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மகன் பெயர் ஒரு மலையில் இருக்கிறது, அம்மா பெயர் ஒரு மலையில் இருக்கிறது, அப்பா பெயர் எந்த மலையில் என்று கேட்கிறான்.

ரீடிங்காரர்:

நான் பார்த்தவரை எங்கும் கண்ணில் படவில்லை. இன்னும் ஏறாத மலை நாலைந்து இருக்கிறது. நீங்கள் அரிட்டாபட்டிக்கு வருகிற ஞாயிறுக்கு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லுங்கள், மேலூர் ரோட்டுத் திருப்பத்தில் நிற்கிறேன்.